அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோன மீன்

மொட்டை மாடியில் நான் தொட்டி வைத்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சார், வீட்லயே டேனரி போடறீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஒரு வார்த்தை சூடாகச் சொல்லியிருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது. எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் வராது. வரக் கூடாத இடத்தில் வந்து தொலைக்கும்.

அவர் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் பார்க்கும் லேபில் இருந்தார். நான் ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில், தோல் பதனிடும் தொழிற்சாலையில், டிரம் செக்‌ஷன் மேஸ்திரி. டிரம் என்றால் ஆளை விடப் பெரிய மர உருளை. உள்ளே தோலையும் தண்ணீரையும் மருந்தையும் போட்டுச் சுற்ற விடுவோம். மேஸ்திரியின் வேலை என்னவென்றால், உள்ளே இருக்கும் தண்ணீர் போதுமான அளவு புளித்ததா இல்லையா என்று சொல்வது. தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி, வெட்டின இடத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். அந்த நிறத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆசிட் விடலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டும். தண்ணீருக்கு பிஎச் பேப்பர். சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும், ஒரு தாளைக் கிழித்து நனைத்தால் போதும். அந்தப் புத்தகம் என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். மற்றவர்கள் பேனா வைத்திருப்பதைப் போல.

தொண்ணூறுகளில் ஆம்பூரிலேயே குடியிருந்தோம். எங்கள் தெருவில் எல்லோருமே தோல் வேலைதான், அதனால் யார் மேலும் யாருக்கும் நாற்றம் தெரியவில்லை. என் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நாற்றம் இல்லாத தெருவில் ஒரு வீடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மனை வாங்கிக் கட்டினோம். கம்பெனி பஸ் ஹைவேயில் வந்து ஏற்றிக்கொள்ளும். தெருவில் டீச்சர்கள், நர்சுகள், ஆபீஸ் போகிறவர்கள். நாங்கள் போகும் சர்ச் சபையும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையும் பட்டுப் புடவையுமாக வந்து நிற்பார்கள். அதில் பாதிப் பேருடைய அப்பா எங்கள் அப்பாவோடு பச்சைத் தோலில் உப்பு உதறினவர்தான். அதை யாரும் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன். பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி யோசனை ஒரு விவசாயப் பத்திரிகையில் கிடைத்தது. மீன் வளர்க்கும் தண்ணீரை மோட்டார் வைத்துச் செடிக்குப் பாய்ச்ச வேண்டும். மீன் கழிவு செடிக்கு உரம். செடி தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்ப மீனுக்கே அனுப்பும். அக்வாபோனிக்ஸ் என்று பெயர் போட்டிருந்தது. படித்தபோது எனக்கு ஏதோ ஆகிவிட்டது. நான் அத்தனை வருஷமாகத் தண்ணீரைக் கெடுத்து வெளியே அனுப்பினவன். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று சொல்வார்கள், போகட்டும். நல்ல தண்ணீர் டிரம்முக்குள் போய்க் கெட்ட தண்ணீராக வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கெட்டது நல்லதாக வருவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

கம்பெனியில் மருந்து வரும் நீல நிற பிளாஸ்டிக் பேரல்களைப் பழைய சாமான் கடையில் விற்பார்கள். எங்கள் ஜில்லாவில் அந்த பேரல் இல்லாத வீடு கிடையாது. குடிதண்ணீர் வராத நாளில் எல்லோரும் அதில்தான் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். நான் இரண்டு பேரலை நீளவாக்கில் அறுத்து, நான்கு தொட்டியாக்கி, ஜல்லி நிரப்பிக் கீரையும் தக்காளியும் வைத்தேன். அதற்குக் கீழே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஏரியிலிருந்து வாங்கின ஜிலேபி மீன் குஞ்சுகள். ஜிலேபி எதையும் தாங்கும் மீன். என் கையிலும் பிழைக்கும் என்றுதான் அதை எடுத்தேன்.

மீன் பிழைத்தது. செடிதான் பிழைக்கவில்லை. புதிதாக வரும் இலை மஞ்சளாக வந்தது, நரம்பு மட்டும் பச்சை. பையிலிருந்து பேப்பரை எடுத்து நனைத்தேன். எட்டுக்கு மேல். எங்கள் போர் தண்ணீர் அப்படி. துவைக்கிற கல்லில் வெள்ளை படியும் தண்ணீர். அந்த பிஎச்சில் இரும்புச் சத்து தண்ணீரில் இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. செடிக்கு ஆறு பக்கம் வேண்டும். மீனுக்கு ஏழுக்கு மேல் இருந்தால் சந்தோஷம். கழிவைச் செடிக்கு உரமாக மாற்றித் தரும் பாக்டீரியாவுக்கும் ஏழுக்கு மேல்தான் பிடிக்கும். மூன்று பேரும் சண்டை போடாமல் இருக்கும் இடம் ஆறரையிலிருந்து ஏழு வரைக்கும்தான்.

எனக்கு இது என்ன பெரிய விஷயம்? பிஎச்சை ஏற்றுவதும் இறக்குவதும் எனக்குச் சோறு போடும் வேலை. கம்பெனியிலிருந்து ஒரு சின்ன கேனில் ஃபார்மிக் ஆசிட் கொண்டுவந்தேன். ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து, மெதுவாக, டிரம்மில் விடுவதைப் போலவே விட்டேன். சாயங்காலம் ஏழு காட்டியது. மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி எட்டைத் தாண்டியிருந்தது. திரும்ப விட்டேன். இறங்கியது, ஏறியது. ஒரு மாதம் இந்தக் கூத்து நடந்தது. டிரம்மில் தண்ணீர் என் பேச்சைக் கேட்கும். மாடியில் கேட்கவில்லை. எரிச்சலில் மனைவியைத் திட்டினேன். அவள் துணி அலசின தண்ணீரை எதிலோ ஊற்றிவிட்டாள் என்று. அவள் மாடிக்கே வருவதில்லை.

ஒரு நாள் கேனில் மிச்சம் இருந்ததை ஜல்லி மேல் கவிழ்த்துவிட்டேன். ஜல்லி நுரைத்தது. சோடா பாட்டில் திறந்ததைப் போலப் பொங்கியது. குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். கருங்கல் ஜல்லிக்குள் பாதிக்குப் பாதி சுக்கான் கல். சுண்ணாம்புக் கல். தோலில் சுண்ணாம்பு மிச்சம் இருந்து ஆசிட் பட்டால் இப்படித்தான் நுரைக்கும், அதைப் பார்த்தே வயதாகிப்போனவன் நான். சுண்ணாம்பைத் தொட்டியில் நானே கொட்டிவிட்டு, அதை எதிர்த்து ஒரு மாதம் ஆசிட் ஊற்றியிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் காது சுட்டது.

எல்லா ஜல்லியையும் அள்ளி எறிந்தேன். கருங்கல் ஜல்லியாகப் பார்த்து, ஒவ்வொரு கூடையிலும் ஆசிட் தெளித்து, நுரைக்காததை மட்டும் போட்டேன். மழைத் தண்ணீர் பிடித்துச் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஆசிட்டே தேவைப்படவில்லை. பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீர் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்தது. ஆறுக்குப் பக்கத்தில் வந்தால், எறிந்த சுக்கான் கல்லிலேயே ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில் முடிந்து தண்ணீரில் தொங்க விடுவேன். ஏறியதும் எடுத்துவிடுவேன். அவ்வளவுதான். கீரை கறுப்புப் பச்சையாக வந்தது. தக்காளி காய்த்தது. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தரை தெரியும். நான் ஒரு தண்ணீரைத் தெளிய வைத்திருந்தேன். வேலைக்குப் போய் டிரம்மைத் திறக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

மீன் உள்ளங்கை தாண்டி வளர்ந்ததும் வாரத்தில் ஒரு நாள் பிடித்துக் கொடுப்பேன். மனைவி குழம்பு வைப்பாள். நன்றாக இருக்கும்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபைகளில் வருஷத்துக்கு ஒரு முறை, முதல் விளைச்சலை ஆண்டவருக்கு என்று கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தல் போட்டு அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். காசு சபைக்கு. கிராமத்துச் சபைகளில் உண்மையாகவே விளைந்தது வரும். நெமிலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த எங்கள் ஐயர், போதகரை நாங்கள் ஐயர் என்போம், அங்கே நெல் மூட்டை வண்டியில் வந்து இறங்கும் என்று சொல்வார். சத்துவாச்சாரியில் என்ன விளையும்? எல்லோரும் சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காயும் வாழைத்தாரும் வாங்கிவந்து பலிபீடத்தின் முன்னால் வைப்பார்கள். நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அந்த வருஷம் நான் மாட்டேன் என்றேன்.

"மீனக் கொண்டு போறேன். உசிரோட."

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எதுக்குங்க? வழக்கம் போல ஒரு பூசணி வாங்கிக் குடுத்துடலாம்."

"மார்க்கெட்ல வாங்கினது அறுப்பா? நம்ம வீட்ல வெளஞ்சதுக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்னு சொன்னனா?"

"அப்புறம் இன்னா?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அதையே பார்த்துக்கொண்டு உரித்தாள். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் அவளை அப்போதுதான் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பெண்கள் என்ன சொல்வார்களோ என்று யோசிக்கிறாள், பயந்த சுபாவம், என்று நான் நினைத்தேன். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தச் சபை என் தண்ணீரில் வளர்ந்ததை ஒரு தடவை வாங்கித் தின்றுவிட்டால் போதும், அதற்குப் பிறகு இந்தத் தெருவில் நான் தலையைக் குனிய வேண்டாம். அதுதான் என் கணக்கு. பண்டிகை, ஆண்டவர், நன்றி எல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போது எழுதும்போது கூசுகிறது.

மூடி போட்ட பெரிய பக்கெட்டில் மீனும் தண்ணீரும். ஒரு கூடையில் கீரைக்கட்டு. நான் டிவிஎஸ் வண்டி ஓட்ட, மனைவி பட்டுப் புடவையோடு பின்னால் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்திருந்தாள். முன்னால் காலிடுக்கில் பக்கெட். ஸ்பீடு பிரேக்கரில் தண்ணீர் என் பேண்ட் மேல் ஊற்றியது.

ஆராதனை முடிந்தது. பந்தலின் கீழே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நாற்காலி. ஏலம் விடுகிறவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஒவ்வொரு வருஷமும் அவர்தான். அவர் வாய்க்காகவே கூட்டம் நிற்கும். ஒரு தேங்காயைத் தூக்கிக் காதில் வைத்து ஆட்டி, "உள்ள யாரோ கூப்பிடறாங்க, ஏலத்துல எடுத்தவங்களுக்குத்தான் தொறப்பாங்களாம்" என்றார். அந்தத் தேங்காய் நான்கு தேங்காய் விலைக்குப் போனது. ஒருத்தர் வாழைத்தாரை எடுத்து அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் சபைதான், ஒரு சேவலை எடுத்தார். அது கையில் கொத்தியதும் பந்தல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பிறகு என் பக்கெட்டை மேசை மேல் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் ஒரு மீன் துள்ளித் தண்ணீர் ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியில் தெறித்தது.

"ஆகா! ஞானஸ்நானம் ஆச்சு எனக்கு" என்றார். "பாருங்க, உசிரோட மீனு. ஏரி மீனில்ல, மாடி மீனு. மத்த மீன விட பரலோகத்துக்குக் கிட்டக்க வளந்தது. அம்பது ரூபா. யாரு கேக்கறீங்க?"

யாரும் கேட்கவில்லை.

"இன்னாப்பா, அப்போஸ்தலருங்களே மீன்காரங்கதான். அம்பது ரூபா."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒரு குழந்தை கிட்டே வந்து எட்டிப் பார்த்தது, அதன் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மடியில் சேவலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஹெட்மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார். "இதுல ஆசிட் கீசிட் ஒண்ணும் இல்லியே? இவரு கேனத் தூக்கிக்கினு மாடிக்குப் போறத நானே பாத்திருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். எனக்கு அப்படிப் பேச வராது.

"ஊத்தினேன்" என்றேன். "மொத ஒரு மாசம். ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்து ஊத்தினேன். அப்புறம் நிறுத்திட்டேன். இப்ப ஒரு சொட்டு கூட ஊத்தறதில்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து, "ஐயோ, ஆசிட்டா?" என்று ஒரு குரல்.

"எறும்பு கடிச்சா உடம்புல ஏறுதே, அதே ஆசிட்தாம்மா. அதனால யாரு செத்தாங்க?"

இப்படிச் சொன்னால் பயம் போகுமா? ஆனால் எனக்கு அப்போது ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது. நேராக மேசைக்குப் போனேன். சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒரு தாளைக் கிழித்துப் பக்கெட்டில் நனைத்தேன். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே நிறம் வந்தது. எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

"பாருங்க. ஆறரை, ஏழு. உங்க வீட்டு போர் தண்ணி எட்டுக்கு மேல கீது. அத விட இது நல்ல தண்ணி. கண்ணால பாருங்க!"

தாளை யாரும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது, கை மேலே தூக்கி நின்றபடியே எனக்கு விஷயம் புரிந்தது. அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் அந்தத் தாள் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோருக்கும் அது தெரியும். அவர்களுடைய அப்பாவும் சித்தப்பாவும் சட்டைப் பையில் கொண்டுவந்த புத்தகம் அது. சின்ன வயதில் அதைக் கிழித்து எலுமிச்சம்பழத்தில் வைத்து விளையாடியிருப்பார்கள். அது டிரம்முக்கு வைக்கிற தாள். கோயில் வாசலில், படைத்த மீன் மேல், தின்கிற பொருள் மேல் அதை வைத்து இது சுத்தம் என்று சொல்ல ஒரு தோல் மேஸ்திரியைத் தவிர உலகத்தில் யாருக்காவது தோன்றுமா? மீனை மீனாக வைத்திருந்தால் யாராவது ஒருத்தர் எடுத்திருப்பார். நான் அதைத் தோலாக்கிவிட்டேன்.

முன் வரிசையில் ஒரு வயதான அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். நாற்றம் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் திரும்பி, "உங்க மாடில கீற நீல பேரல் எங்கிருந்து சார் வந்துச்சு? வானத்துல இருந்து உழுந்துச்சா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதுல நாங்க துணிதான் சார் தொவைக்கறோம்" என்றார், மெதுவாக, நோயாளியிடம் பேசுவதைப் போல.

"உங்கப்பா இன்னா வேல பாத்தாரு?" என்று கேட்டேன். அதைச் சபையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவர் முகம் என்ன ஆயிற்று என்று நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். அவர் சேவலின் இறக்கையைத் தடவிக்கொண்டே குனிந்துகொண்டார். அவர் காதும் சிவந்துவிட்டது.

ஐயர் எழுந்தார். நல்ல மனுஷன், வயதில் என்னை விடச் சின்னவர். "நானே எடுத்துக்கறேன்" என்று சிரித்தபடி பையில் கை விட்டார். அவர் மனைவி ஐயரம்மா பெண்கள் வரிசையிலிருந்து அவரைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். கை பையிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"நூறு ரூபா."

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. எனக்கு ஒரு கணம் குரல் அடையாளம் தெரியவில்லை. அப்புறம்தான் திரும்பினேன். என் மனைவி எழுந்து நின்றிருந்தாள். புடவையில் முன்பக்கம் கூடை ஈரம் அப்படியே இருந்தது.

காணிக்கை வைத்தவர் தன் பொருளைத் தானே ஏலத்தில் எடுக்கும் வழக்கம் கிடையாது. ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதைப் போல ஆகிவிடும். ஹெட்மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "அம்மா, இது உங்களுதே தான்" என்றார்.

"தெரியும் சார். நூறு."

அவர் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அத்தனை வருஷத்தில் அவர் ஜோக் அடிக்காமல் முடித்த ஏலம் அது ஒன்றாகத்தான் இருக்கும். கீரைக்கட்டையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நடந்தபோது ஆட்கள் வழி விட்டார்கள். ஒரு பக்கெட்டுக்கு அவ்வளவு வழி வேண்டியதில்லை.

வழி நெடுக நான் திட்டிக்கொண்டே வந்தேன். யார் அப்பன் எந்த யார்டில் தோல் உரித்தான், யார் தாத்தா எந்தச் சந்தையில் தலைச்சுமை தூக்கினான், எல்லாவற்றையும் பெயர் பெயராகச் சொன்னேன். படித்துவிட்டால் தோல் மாறிவிடுமா என்று கேட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு போகிற ஷேர் ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு போனபோது அவள் பின்னாலிருந்து, "பாத்துப் போங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பக்கெட்டோடு மாடிப்படி ஏறப் போனேன். அவள் தடுத்தாள்.

"திரும்பத் தொட்டில வுடாதீங்க. ஆண்டவருக்குன்னு குடுத்தாச்சு. நான் கொழம்பு வெக்கறேன்."

புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து அத்தனை மீனையும் அவளே சுத்தம் செய்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, உப்புப் போட்டு அலசி, மஞ்சள் போட்டு மறுபடி அலசி. தண்ணீர் மேல் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு அலசுவாள் என்று அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. ஏனென்றால் அதற்கு முன் நான் பின்கட்டில் நின்று பார்த்ததே இல்லை.

தட்டு ஒன்று வைத்தாள். சோறு, குழம்பு, பெரிய துண்டாக இரண்டு மீன். இன்னொரு தட்டில் தனக்குச் சோறும் மோரும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ?"

"எனக்கு வேணாம்."

"ஏன், வயிறு சரியில்லயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

யோசித்துப் பார்த்தேன். போன வாரம் மீன் குழம்பு வைத்த அன்று என்ன சாப்பிட்டாள்? முட்டை. அதற்கு முந்தின வாரம்? தெரியவில்லை. நான் எப்போதும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவேன், தண்ணீரைப் பார்க்க.

"நம்ம மீன நீ ஒரு வாட்டியாவது தின்னுக்கிறியா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இல்லை என்று தலையாட்டினாள். "கீரை ரெண்டு வாட்டி தின்னேன். கண்ண மூடிக்கினு."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. "பிஎச் எவ்ளோ சரியா கீதுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். மடையன். அப்போதும் அதைத்தான் கேட்டேன்.

"எனக்கு பிஎச்சு தெரியாதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "உங்களக் கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து உங்க துணியத் தொவைக்கறேன். அதுல இருந்து இன்னா கலர்ல தண்ணி எறங்குதுன்னு எனக்குத் தெரியும். எத்தினி வாட்டி அலசினாலும் எறங்கும். மீனப் பாத்தா எனக்கு அந்தத் தண்ணிதான் நெனப்பு வருது. நான் இன்னா பண்ணட்டும்?"

"அப்புறம் எதுக்குடி நூறு ரூபா குடுத்து எடுத்த?"

"வேற யாரு எடுப்பா?"

நான் வண்டியில் வரும் வழியெல்லாம் திட்டின ஆட்கள் ஒவ்வொருவராக என் முன்னால் வந்து நின்றார்கள். மூக்கை மூடின அம்மா. குழந்தையை இழுத்துக்கொண்டு போனவள். சேவலைத் தடவினவர். சபை முழுவதையும் இழுத்துப் போட்டு அடித்துவிட்டு வந்திருக்கிறேன், அதே பதில் என் வீட்டுச் சோற்றுத் தட்டில் அத்தனை மாதமாக இருந்திருக்கிறது. என்னிடம் சொல்ல அவளுக்கு இடம் இல்லை. பூசணி வாங்கலாம் என்று சொன்னபோது கூட, என் மானத்தை மற்றவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறாள். நான் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. எழுந்தால் அவள் அத்தனை நேரம் அலசினதற்கும், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றதற்கும் அர்த்தம் இல்லாமல் போகும். உட்கார்ந்திருந்தேன். கை சோற்றில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

அவள் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் தட்டிலிருந்து மீனை எடுத்தாள். ஜிலேபியில் முள் பொடியாக இருக்கும். விரலால் சதையைப் பிரித்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, சதையை என் சோற்றின் மேல் வைத்தாள். பிறகு விரலைத் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் மோர்ச் சோற்றைத் தொட்டாள்.

"தின்னுங்க, ஆறிப்போவுது" என்றாள்.

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.